முப்பத்து மூன்றாம் பாடு

என் தம்பி குப்பன் முப்பத்தெட்டு வயது வரைக்கும் மீனவன் இல்லை. ஏரிக்கரையில் பிறந்தான், ஏரித் தண்ணீரில் நடை பழகினான், ஊரில் கிழிந்த வலையெல்லாம் அவன் மடிக்குத்தான் வந்து சேரும். ஆனாலும் மீனவன் இல்லை. எங்கள் குப்பத்தில் பாடு இருக்கிறவனுக்குத்தான் மீனவன் என்று பெயர்.

பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரி பார்க்கத்தான் பெரிசு. இறால் நடமாடுகிற வழி கொஞ்சம்தான். முகத்துவாரத்திலிருந்து கடல் தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே ஏறுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் அதுவும் வரும். எல்லாரும் அங்கேயே போய் வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று எங்கள் பெரியவர்கள் முறை வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், ஆவணி பிறந்த அன்று, அம்மன் கோயில் வாசலில் மண்சட்டியில் போட்டுக் குலுக்குவார்கள். எழுத்துத் தெரியாத ஊர், சீட்டு எழுத ஆள் ஏது? வீட்டுக்கு ஓர் அடையாளம். எங்கள் வீட்டுக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. ஊர்த் தலைவர் நீலமேகத்தின் வீட்டுக்குச் சங்கு. ஒரு வீட்டுக்குப் புளியங்கொட்டை. பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். எது முதலில் வந்ததோ அந்த வீட்டுக்கு முதல் பாடு. அப்போது மொத்தம் முப்பத்திரண்டு அடையாளம்.

பாடு கிடைக்க வேண்டுமானால் தலைக்கட்டாக இருக்க வேண்டும். அதாவது கல்யாணமாகி, ஒரு குடும்பத்துக்குத் தலைவனாக இருக்க வேண்டும். குப்பனுக்கு ஆறு வயதில் ஒரு ஜுரம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கழி ஊன்றிப் படகு தள்ள அந்தக் காலில் வலு இல்லை. படகு தள்ளாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நான் நாலு ஊரில் போய்க் கேட்டேன். கேட்டதற்கு எனக்கு வெட்கமில்லை. இல்லை என்று சொன்னவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அப்படியே காலம் ஓடி, அவன் என் வீட்டிலேயே, என் வீட்டுக்காரர் வரதனுக்குக் கைக்கு உதவியாகத் தங்கிவிட்டான்.

அவன் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. ஆனால் ஆவணி முதல் தேதி மட்டும் எனக்குத் தெரியும். சட்டி குலுங்குகிற சத்தம் கேட்டதும் மடியில் இருக்கிற வலையைக் கீழே வைத்துவிட்டு ஏரிப் பக்கம் போய்விடுவான். பொழுது சாய்ந்துதான் வருவான். "எங்கடா போன?" என்று கேட்டால், "தண்ணி பாக்கப் போனன்க்கா" என்பான். தினம் பார்க்கிற தண்ணீரை அன்றைக்கு மட்டும் என்ன தனியாகப் பார்ப்பது?

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில், பழவேற்காட்டிலிருந்து படகு ஏறி ஓர் ஆபீசர் வந்தார். பேர் ஞானதாஸ். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கடலோரத்துப் பிள்ளை என்பதால் சேற்றில் இறங்கக் கூச்சப்படவில்லை. கோயில் வாசலில் ஊரைக் கூட்டிப் பேசினார்.

"நம்ம இறாலு ஜப்பான் வரைக்கும் போகுது. ஆனா அங்க நமக்குப் போட்டியா நாலு நாட்டுக்காரன் நிக்கான். நம்மள விடப் பெருசா, ஒரே அளவா அனுப்புதான். இனிமே வந்தத பிடிச்சா மட்டும் பத்தாது, வளக்கணும். ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்சத மீனவர் கையில கொண்டு சேக்கணும்னு சர்க்கார் திட்டம் போட்டிருக்கு. இந்த ஊருல ஒரு மீனவர் குடும்பத்தத் தத்து எடுக்கப் போறோம். அவருதான் முன்னோடி மீனவர்."

நீலமேகத்தின் மனைவி லோகாம்பாள் பெண்கள் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னாள்: "தத்து எடுக்கறியா சாமி? என் வூட்ல ஒரு கெயவன் கீறாரு, எடுத்துக்கினு போ. வேளாவேளைக்குக் கஞ்சி மட்டும் ஊத்திடு."

ஊரே சிரித்தது. நீலமேகம் மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னா சார், இறால வளக்கறதா? அது இன்னா ஆட்டுக்குட்டியா?" என்றார்.

ஆட்டுக்குட்டி மாதிரிதான் என்றார் ஆபீசர். ஏரியில் ஒரு மூலையை வலையால் சுற்றி அடைக்க வேண்டும். அதற்குள் குஞ்சு இறாலை விட்டுத் தீனி போட வேண்டும். ஒருத்தர் நூறு நாள், காலையும் மாலையும், கூடவே இருக்க வேண்டும்.

நூறு நாள் என்றதும் ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். நூறு நாள் அங்கே உட்கார்ந்தால் அவனவன் பாட்டை யார் பார்ப்பது? கடைசியில் நீலமேகம், "நம்ம குப்பன் சும்மாதான குந்திகினு கீறான். அவன எயுதிக்கோ சார்" என்றார். இப்படித்தான் என் தம்பி முன்னோடி மீனவன் ஆனான். ஊரில் வேலையில்லாதவன் என்று பொறுக்கி எடுத்தார்கள்.

குப்பன் எழுந்து நின்று, "சார், எனக்குப் பாடு இல்ல. மீனவர்னு எயுதினா அது பொய்யாப் பூடும்" என்றான்.

"பாடா? அதெல்லாம் இந்தப் பாரத்துல கேக்கலயே" என்று சொல்லிவிட்டு ஆபீசர் அவன் பேரை எழுதிக்கொண்டார்.

யாருடைய பாடும் விழாத மூலையாகப் பார்த்து இடம் கொடுத்தார்கள். உப்புச் சேற்றில் முளைக்கிற உமரிச் செடி மண்டின கரை, முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். மூங்கில் நட்டு, நைலான் வலை சுற்றி, தை மாசத்தில் குஞ்சுகளை விட்டோம். கண்ணாடித் துணுக்கு மாதிரி இருந்தன. ஆபீசர் ஒரு பட்டியல் கொடுத்தார். எந்த நாளைக்கு எத்தனை கிராம் தீனி என்று அதில் போட்டிருக்கிறது என்றார். எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வாங்கி வந்து சுவரில் மாட்டினோம்.

மட்டிச் சதையையும் பொடி மீனையும் தவிட்டோடு இடித்து நான்தான் தீனி செய்தேன். எத்தனை போடுவது? பிள்ளைக்குப் பசிக்கும் என்று தாய் நினைக்கிற அளவுக்குப் போட்டேன். பத்தாம் நாள் விடியலில் குப்பன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். செத்த குஞ்சுகள் கரையோரமாக ஒதுங்கிக் கிடந்தன. அடிமண்ணைக் காலால் கிளறினான். தின்னாத தீனி கறுப்பாகி அழுகல் முட்டை நாற்றம் அடித்தது.

"நம்ம போடறது போதுமா போதாதான்னு அது எப்டிக்கா சொல்லும்? வாயா கீது?"

"உன் மச்சானுக்கு மட்டும் வாய் கீதா?" என்றேன். "தட்டுல சோத்த மிச்சம் வெச்சா வயிறு சரியில்லனு நானா தெரிஞ்சிக்கில?"

அந்தச் சொல்லை அவன் பிடித்துக்கொண்டான். மறுநாள் படகு ஏறிப் பழவேற்காட்டுக்கு, ஓலை முடைகிற கைருன் பீவியிடம் போனான். நானும் கூடப் போனேன். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தட்டு வேண்டும், தண்ணீர் வடிய அடியில் பொடிப்பொடியாக ஓட்டை வேண்டும் என்றான்.

"ஓட்டை வராம மொடையறதுக்கு எங்கம்மா என் மண்டையில குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தா" என்றாள் கைருன் பீவி. "நீ இன்னாடான்னா ஓட்டை போட்டுக் கேக்கற. வெளில யார்கிட்டயும் நான் மொடஞ்சதுன்னு சொல்லிடாதப்பா, என் வியாபாரம் பூடும்."

அந்தத் தட்டில் இரண்டு கல்லை வைத்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, தீனியைப் போட்டுத் தண்ணீரில் இறக்கினான். வலையில் ஒரு கிழிசலை முடிக்கிற நேரம் பொறுத்து மேலே தூக்கினான். தட்டு துடைத்த மாதிரி இருந்தால் அடுத்த வேளைக்கு ஒரு கை கூட. மிச்சமிருந்தால் ஒரு கை குறைய. எத்தனை கை என்பது மறக்காமலிருக்கக் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டான். அதற்குப் பிறகு குஞ்சு சாகவில்லை. தட்டு யோசனை என் வாயிலிருந்து வந்தது என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. போகட்டும், சோறு போட்டவளைக் காகிதத்தில் எழுதுகிற வழக்கம் எங்கேயும் இல்லை.

அடுத்த மாசம் ஞானதாஸ் வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். முடிச்சை எண்ணினார்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"இறால்தான் சார் சொல்லுது."

"அப்ப நான் குடுத்த பட்டியல்?"

"சொவுத்துல மாட்டிகீது சார். பத்திரமாத்தான் கீது."

மனுஷருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நோட்டில் தட்டைப் படமாக வரைந்துகொண்டார். சாதாரண ஜனங்கள் கண்டுபிடிக்கிற புது உத்திக்குச் சர்க்கார் பரிசு ஒன்று வைத்திருக்கிறதாம். குப்பன் பேரை அனுப்பப் போவதாகவும், பெரிய ஆபீசர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

சித்திரை முடிகிற சமயம் நூறு நாளும் முடிந்தது. வலையைச் சுருக்கினபோது கரையில் ஊரே நின்றது. இறால் வாங்க வந்திருந்த பழவேற்காட்டு அப்துல் ஹை ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். அது விரல் நுனிவரைக்கும் நீண்டு கிடந்தது. "குப்பா, நெஜமா இது நம்மூரு ஏரி எறால்தானாப்பா? எல்லாம் ஒரே அச்சுல வாத்த மாதிரி கீதே! ஜப்பான்காரன் கண்ல ஒத்திக்கினு துண்ணுவான்" என்றார்.

அந்த வார்த்தைதான் வினையானது. அன்று சாயங்காலமே கோயில் வாசலில் ஊர் கூடியது. மூலை யாருக்கும் வேண்டாத மூலையாக இருந்தவரைக்கும் பேச்சில்லை. இப்போது அதில் மீன் இருக்கிறது. ஏரியில் மீன் இருக்கிற இடம் எதுவானாலும் பாட்டுக்கு வர வேண்டும், அதுதான் கட்டுப்பாடு. முப்பத்திரண்டு வீடும் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தீனி போட வேண்டும், வருவதைப் பங்கிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

"அப்ப குப்பன்?" என்றேன் நான். பெண்கள் பேசுகிற இடமில்லை அது. பேசினேன்.

நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டார். "அவனுக்குப் பாடு இல்லியேம்மா. ஒருத்தனுக்காகக் கட்டுப்பாட்ட ஒடச்சா நாளைக்கு ஆளாளுக்கு ஒடைப்பான்."

"பேப்பர்ல அவன் பேருதான கீது?"

"பேப்பர் கவர்மென்ட்டோடது. தண்ணி ஊரோடது."

நீலமேகம் கெட்டவரில்லை. அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் எங்கள் குப்பத்தில் ரத்தம் சிந்தவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி அவரைத் திட்டாமல் நான் சோறு தின்னவில்லை. குப்பன் சண்டை போடவில்லை. இரண்டாம் தடவை குஞ்சு விட்டதும், தட்டுக் கயிற்றை முதல் முறைக்காரன் கையில் கொடுத்தான். "முடிச்சு எத்தினியோ அத்தினி கை. மிச்சம் இருந்தா ஒரு முடிச்ச அவுத்துடு. அப்பறம் அடுத்தவன்கிட்ட கயித்தக் குடு" என்று சொல்லிவிட்டு வந்து, என் வீட்டு வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டான்.

ஆனி மாசத்தில் ஞானதாஸ் வந்தார். மூலையில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வீட்டுக்காரர் வரதன். அன்று எங்கள் வீட்டு முறை.

"குப்பன் எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த மனுஷர் எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டு, "இன்னிக்குக் குப்பன் நான்தான் சார்" என்றாராம். "நேத்து அந்தோ அங்க வலை காயவெக்கிறாரே, அவுரு குப்பன். நாளைக்குத் தலைவரு."

முன்னோடி மீனவர் என்பதும் ஒரு பாடு என்றே ஊரில் நினைத்துவிட்டார்கள். எல்லாம் முறையாக வருகிற இடத்தில் அது மட்டும் எப்படி ஒருவனிடமே நிற்கும்? ஞானதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"ஆவணி ரெண்டாந்தேதி பெரிய ஆபீசருங்க வாராங்க. தட்டப் பத்திக் கேட்டா முப்பத்திரண்டு குப்பன் முன்னால வந்து நிப்பாங்களோ? நான் பொன்னேரிக்குப் போய் தாசில்தார்ட்ட எழுதிக் குடுக்குதேன். ஒரே உத்தரவுல உங்க எடம் உங்களுக்கு வந்துரும்."

"வாணாம் சார்" என்றான் குப்பன். "உத்தரவு வாங்கினு வந்தா தண்ணில எறங்கலாம். அப்பறம் ஊருக்குள்ள எப்டி சார் எறங்கறது?"

நான் குறுக்கே புகுந்தேன். "அந்தப் பேப்பர்ல இன்னா எயுதிகீறீங்கன்னு படிங்க சார், கேப்போம்."

பையிலிருந்து எடுத்துப் படித்தார். "தத்தெடுக்கப்பட்ட மீனவர் குடும்பம். குடும்பத் தலைவர் பெயர், குப்பன்."

"இன்னொரு தபா படிங்க."

இன்னொரு தரம் படித்தார். அப்படியே எழுந்து நீலமேகத்தின் வீட்டுக்குப் போனேன். கவர்மென்ட்டே அவனைக் குடும்பத் தலைவன் என்று எழுதியிருக்கும்போது ஊர் எப்படி இல்லை என்கிறது என்று கேட்டேன்.

நீலமேகம் சிரித்தார். "குடும்பத் தலைவன் சரி, குடும்பம் எங்கம்மா?"

"நான் கீறன்ல. அவன் சோத்துக்கு உப்புப் போடறவ நான்தான?"

"நீ வரதன் குடும்பமாச்சே."

"ஒருத்தி ரெண்டு குடும்பத்துக்குச் சமைக்கக் கூடாதுன்னு எந்தக் கட்டுப்பாட்டுல கீது?"

லோகாம்பாள் உள்ளேயிருந்து, "அவ கேக்கறது நாயம்தான?" என்றாள். நீலமேகம் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் பதில் சொல்லாமல் போனால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் மூலையில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. நாட்டுக்கு நாடு போட்டி என்று ஆபீசர் சொன்னார் அல்லவா? எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு போட்டி. "உங்க மொறைல இறால் பட்னி கெடந்துச்சாமே" என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. முடிச்சு எட்டு என்றால் பத்துக் கை போட்டார்கள். பத்துப் போட்டது தெரிந்து அடுத்த வீடு பன்னிரண்டு. தட்டில் மிச்சமிருந்தால் முடிச்சை அவிழ்க்க மனசு வரவில்லை. மிச்சத்தைத் தண்ணீரில் தட்டிவிட்டுக் காலித் தட்டை அடுத்தவனுக்குக் காட்டினார்கள். லோகாம்பாள் தன் முறையன்று வெல்லம் கூடக் கலந்து போட்டாள். விருந்தாளிக்கு இலையில் இடம் தெரியாமல் பரிமாறுகிற ஊர் இது; இறாலையும் அப்படியே நடத்தினார்கள்.

ஆடி கடைசி. இரண்டு நாளாகக் காற்று விழுந்து ஏரி எண்ணெய் மாதிரி கிடந்தது. விடியற்காலையில் நீலமேகம் ஓடி வந்தார். அன்று அவர் முறை.

"குப்பா, எல்லாம் மேல வந்து மீசைய நீட்டிகினு கரைய மோதுது. வாடா."

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "பாடு இல்லாதவனுக்கு அங்க இன்னா வேலை தலைவரே? நீங்க சொன்னதுதான?"

"அம்மணி, வய்யி வுடும்மா. செத்துப்பூடும்மா அல்லாம்."

"மொதல்ல பாடு தரேன்னு சொல்லுங்க."

அவர் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் குப்பன் என் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினான். "அக்கா, இறாலுக்குப் பஞ்சாயத்து தெரியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு அவன் ஓடினதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போகும்போதே கத்தினான். "பொம்பளைங்க எல்லாம் கொடம் எடுத்துக்கினு வாங்க! கொடம், சட்டி, இன்னா கீதோ எடுத்தாங்க!"

முகத்துவாரத்தில் தண்ணீர் விழுந்து புரள்கிற இடத்தில் எந்த மீனும் மூச்சுத் திணறாது என்று அவன் எத்தனையோ வருஷமாகப் பார்த்து வைத்திருந்தான். அழுகின தீனி தண்ணீரின் மூச்சைக் குடித்துவிட்டது, காற்றும் இல்லை, அதனால் நாமே தண்ணீரைப் புரட்ட வேண்டும் என்றான். பெண்கள் வரிசையாக நின்று குடத்தில் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றினோம். ஆண்கள் கழியால் தண்ணீரை அடித்தார்கள். "அடிமண்ண மெறிக்காத! நாத்தம் மேல வந்தா இன்னும் கேடு! நீலமேகம் மாமா, நீதான், கால எடு!" என்று தலைவரையே விரட்டினான். அவரும் எடுத்தார். நீரோட்டம் வருகிற பக்கத்து மூங்கிலைப் பிடுங்கி, அடைப்பை ஆழமான பக்கமாக இருபது அடி தள்ளி நகர்த்தச் சொன்னான். வெயில் ஏறி, கடல் காற்று கிளம்புகிறவரைக்கும் ஒருவரும் குடத்தைக் கீழே வைக்கவில்லை. என் தோள் நாலு நாள் வலித்தது.

காற்று வந்ததும் மீசைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. செத்தது ஒரு கூடை இருக்கும். மற்றதெல்லாம் பிழைத்தது. குப்பன் தட்டைத் தூக்கிக் கயிற்றிலிருந்த முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்தான். "ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. யாரும். லோகாம்பா அத்தை, உன்னத்தான் சொல்றன்." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் பாடு கேட்கவில்லை. கயிற்றை நீலமேகத்தின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். எனக்கு அவன் மேல் ஒரே கோபம்.

ஆவணி முதல் தேதி வந்தது. கோயில் வாசலில் சட்டியை வைத்தார்கள். அடையாளங்களைப் போட்டார்கள். குப்பன் வழக்கம்போல வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். நீலமேகம் கோயில் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"டேய் குப்பா, எங்க போற? சட்டில உன்னுது இன்னும் விழல."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். நீலமேகம் ஊரைப் பார்த்துச் சொன்னார்: "கவர்மென்ட் பேப்பர்ல இவன் குடும்பத் தலைவன்னு எயுதிகீது. குடும்பத் தலைவன்னா தலைக்கட்டு. தலைக்கட்டுன்னா பாடு. இது நான் ரொம்ப நாளா யோசிச்சி வெச்சது."

யார் யோசித்தது என்று எழுந்து கேட்கப் போனேன். வரதன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவருக்காக உட்கார்ந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அதை முதலில் யோசித்தது நான்.

அடையாளம் என்ன போடுவது என்று குப்பனுக்குத் தெரியவில்லை. மடியைத் தடவினான். தட்டுக் கயிற்றில் அறுந்த ஒரு துண்டு இருந்தது. அதில் ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டு தரம் நழுவிவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை வலைக்கும் கண்ணி போட்ட கை அது. மூன்றாம் தரம் முடிந்து சட்டியில் போட்டான். பூசாரி குலுக்கினார். முதலில் புளியங்கொட்டை. நாலாவதாகச் சங்கு. பத்தொன்பதாவதாக எங்கள் ஈயக்குண்டு. கடைசிவரைக்கும் கயிற்றுத் துண்டு வரவில்லை. சட்டியில் அது ஒன்றுதான் மிச்சம். முப்பத்து மூன்றாம் பாடு.

மறுநாள் பெரிய ஆபீசர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் தட்டைத் தூக்கிப் பார்த்து, கயிற்று முடிச்சை எண்ணி, குப்பனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். எங்கள் ஆட்களும் அன்றைக்கு ஒழுங்காக நின்றார்கள். ஒரே குப்பன்தான் முன்னால் வந்தான். ஞானதாஸுக்கு உயிர் வந்தது.

"எத்தனை வருஷமா மீனவரா இருக்கீங்க?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"நேத்துலேர்ந்து சார்" என்றான் குப்பன்.

அவர் வேடிக்கை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நீலமேகம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரிசுப் பத்திரம் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினோம். உப்புக்காற்றில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. எண்பத்தேழு வாக்கில் வெளியூர்க்காரர்கள் அனுப்பம்பட்டு தாண்டிக் குளம் வெட்டி இறால் வளர்க்க வந்தபோது, அவர்கள் கையிலும் இப்படி ஒரு தட்டு இருந்தது. பிளாஸ்டிக் தட்டு. அது எங்கேயிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. குப்பன் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டை பெருசுக்கா. கைருன் பீவி பாத்தா சிரிப்பா" என்றான். அவ்வளவுதான்.

அவனுடைய முதல் பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். முப்பத்து மூன்றாம் நாள். வரதன் படகு தள்ள, இவன் வலை கட்டினான். நான் சும்மா இருப்பேனா, நானும் ஏறிக்கொண்டேன். அன்றைக்கு நீரோட்டமே சரியில்லை. வலையைத் தூக்கினால் நாலு கெளுத்தி, ஒரு கை பொடி இறால், ஒரு நண்டு. நண்டும் வலையைக் கடித்து அறுத்து வைத்திருந்தது. வரதன், "இன்னாடா மாப்ள, இதுக்கா முப்பது வருஷம் காத்துக்கினு இருந்த?" என்றார்.

குப்பன் கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கரை வருகிறவரைக்கும் யாரிடமும் கொடுக்கவில்லை.

"நல்ல பாடு மச்சான்" என்றான். "அறுந்த கண்ணிய ராவைக்குள்ள முடிச்சுடறன். அடுத்த மொறைக்கு ஆவும்."